ஆயாக் கொட்டகை (சித்தியவான் வட்டாரம்)

மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுச் சென்ற பொதுக் காப்பகமே ஆயாக் கொட்டகை. பேராக் மாநிலத்தில் சித்தியவானைச் சுற்றியிருந்த ஆயர் தாவார், சுங்கை வாங்கி போன்ற தோட்டங்களில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளின் குழந்தைப் பருவத்தில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. சித்தியவான் என்றாலே 1903இல் மெதடிஸ்ட் திருச்சபை குடியமர்த்திய பூச்சாவ் சீனர்களைச் சொல்வார்கள். தோட்டத் தமிழரின் கதை அந்த வரலாற்றின் ஓரத்தில்தான் வரும். குழந்தை வளர்ச்சி உளவியல் ஐரோப்பாவில் தனித்துறையாக வளர்ந்து வந்த அதே ஆண்டுகளில், அத்துறை கேட்ட கேள்விகள் பல இந்தக் கொட்டகைகளில் அன்றாடம் எழுந்துகொண்டிருந்தன.

தோட்டத்துப் பிள்ளைகளின் சிக்கல்கள் கருவிலேயே தொடங்கின. மலேரியாவும் கொக்கிப்புழுவும் தோட்டத்துப் பெண்களின் இரத்தத்தைக் குடித்தன. கர்ப்ப காலத்து மலேரியாவும் இரத்தச்சோகையும் சிசுவின் எடையைக் குறைக்கும். எடை குறைந்து பிறக்கும் குழந்தைக்கு உயிராபத்தும் வளர்ச்சித் தடையும் கூடுதல். 1901 முதல் மருத்துவர் மால்கம் வாட்சன் கிள்ளான் பகுதியில் வடிகால் வெட்டி மலேரியாவைக் கட்டுப்படுத்தியது கொசு ஒழிப்பு வரலாற்றில் பேசப்படுகிறது. கருவிலிருக்கும் பிள்ளைகளின் நலத்திலும் அதற்கு இடம் உண்டு. கருவிலிருக்கும் சிசு தாயின் குரலைக் கேட்கிறது என்பதற்கு ஆய்வுச் சான்று வரப் பல ஆண்டுகள் ஆயின. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்கள் அந்நியப் பெண்ணின் குரலைவிடத் தாயின் குரலையே நாடுவதை ஆய்வாளர்கள் டிகாஸ்பர், ஃபைஃபர் இருவரும் 1980இல் காட்டினர். வளைகாப்பில் ஏழாம் மாதத்துப் பெண்ணைச் சுற்றி நின்று பாடிய பெண்களுக்கு இந்தச் சான்று தேவைப்பட்டிருக்காது.

பேராக்கையும் உள்ளடக்கிய கூட்டு மலாய் மாநிலங்களில் 1923இல் வந்த தொழிலாளர் சட்டம் பேறுகாலப் படிக்கு வழி செய்தது. 7 முதல் 14 வயதுவரை பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. காப்பகம் கட்டும்படி உத்தரவிடும் அதிகாரத்தையும் தொழிலாளர் துறைக்குக் கொடுத்தது. விடியுமுன் பிரட்டுக்கு (பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு)ப் போகிற வழியில் தாய் பிள்ளையைக் கொட்டகையில் விடுவாள். மரம் வெட்டி, பாலெடுத்து, ஸ்டோரில் ஊற்றிவிட்டு நண்பகலை ஒட்டித்தான் திரும்புவாள். மரம் வெட்ட முடியாத வயதான பெண் ஒருத்திதான் பெரும்பாலும் ஆயா. உத்தரத்தில் வரிசையாகத் துணித்தொட்டில்கள் தொங்கும். ஒன்றை ஆட்டிக்கொண்டே அடுத்ததில் அழும் பிள்ளையை அவள் அதட்டுவாள்.

தாய்ப்பால் இல்லாத அந்த மணிநேரங்களில் பல பிள்ளைகளின் வயிற்றுக்குப் போனது டின்பால். சர்க்கரை சேர்த்த அந்தக் கெட்டிப்பாலைப் பச்சிளங்குழந்தைக்கு ஏற்ற உணவென்று விற்பது கொலைக்குச் சமம் என்று 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி கழகத்தில் பேசினார் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ். ‘குவாஷியோர்கர்’ என்ற சத்துக்குறை நோயை மருத்துவ உலகுக்கு அறியப்படுத்தியவர் அவர். போருக்குப் பின் மலாயாவின் தாய் சேய் நலப் பணிகளுக்குத் தலைமை ஏற்றார்.

அந்தக் காலத்தில் உளவியலின் பார்வை தாய் ஒருத்தியின் மீதே குவிந்திருந்தது. ஜான் பௌல்பி உலகச் சுகாதார நிறுவனத்துக்காக 1951இல் எழுதிய அறிக்கை, தாயைப் பிரிந்த குழந்தையின் மனம் ஆழமாகப் பாதிக்கப்படும் என்றது. அப்படிப் பார்த்தால் தோட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் பாதிக்கப்பட்டவர்களே. ஆனால் பௌல்பி பெரிதும் நம்பிய சான்றுகள் அநாதை விடுதிகளிலிருந்தும் போரில் குடும்பத்தை இழந்த பிள்ளைகளிடமிருந்தும் வந்தவை. கொட்டகைப் பிள்ளையோ மதியத்துக்குள் தாயின் மடிக்குத் திரும்பிவிடும். லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பாட்டி, சித்தி, பக்கத்து வீட்டு அத்தை என்று தூக்க ஆளிருக்கும். 1954இல் உகாண்டாவுக்குப் போன மேரி எய்ன்ஸ்வொர்த், குழந்தைகள் தாயோடு மட்டுமன்றித் தந்தை, பாட்டி, உடன்பிறந்தோர் எனப் பலரோடும் பற்றுக்கொள்வதைக் கண்டார். தாயைப் பிரிவதும் எவரோடும் பற்றே உருவாகாமல் போவதும் ஒன்றல்ல என்று மைக்கேல் ரட்டர் 1972இல் பிரித்துக் காட்டினார். சித்தியவான் தோட்டங்களுக்குப் பொருந்துவது இவ்விருவரின் பார்வைதான்.

கொட்டகையின் உண்மையான குறை வேறு. பிள்ளைகள் பலர், ஆயா ஒருத்தி. குழந்தையின் மழலைக்கு மறுமொழி சொல்லவும், கைகாட்டிய பொருளுக்குப் பெயர் சொல்லவும் அவளுக்கு நேரம் ஏது? பிள்ளை விழாமல், நனையாமல், பட்டினி கிடக்காமல் இருந்தாலே அவள் வேலை முடிந்தது. மிச்சத்தை நிரப்பியவள் அக்கா. சற்றே மூத்தவரின் துணையோடு குழந்தை தன்னால் தனியே எட்ட முடியாததை எட்டுகிறது என்ற உளவியலாளர் விகோட்ஸ்கியின் கருத்துக்கு, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்து வாசலில் நொண்டியாடிய சிறுமி நல்ல எடுத்துக்காட்டு. அதற்கு அவள் தன் படிப்பையே கொடுக்க நேர்ந்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பருவங்களைக் கணக்கிடும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. அமெரிக்காவில் ஆர்னால்டு கெசல் 1925இல் மாதவாரி வளர்ச்சி அளவுகளை வெளியிடும் முன்பே, பிள்ளைத்தமிழ் இலக்கணம் ஐந்தாம் மாதத்தில் செங்கீரையையும் ஒன்பதாம் மாதத்தில் சப்பாணியையும் வைத்திருந்தது. நூலுக்கு நூல் மாதம் சற்று மாறும். தலையெடுப்பது, கைகொட்டுவது, தளர்நடையிடுவது என்ற வரிசை மாறுவதில்லை.

விடுதலைக்குப் பின் கிராமப்புறச் சுகாதார நிலையங்களும் அங்கிருந்த மிஸ்ஸிகளும் (தாதியரும்) நிலைமையைப் பெரிதும் மாற்றினர். 1957இல் ஆயிரம் பிறப்புக்கு ஏறத்தாழ 75 ஆக இருந்த மலாய்த் தீபகற்பத்தின் சிசு மரண விகிதம் இன்று பத்துக்கும் கீழ். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின, குடும்பங்கள் ஊர்ப்பக்கம் பெயர்ந்தன, கொட்டகைகள் மறைந்தன. நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நால்வரோ அதற்கு மேலோ இருக்கும் காப்பகங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்று 1984இன் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம் வகுத்தது.

ஏழு வயதுப் பிள்ளைக்குப் பள்ளி வேண்டும் என்று 1923லேயே சொன்ன சட்டத்துக்கு, அதற்கு முந்தைய வயதிலும் பிள்ளை கற்கிறது என்று தோன்றவில்லை. பாலர் பள்ளி தேசியக் கல்வி முறையின் பகுதியானது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில்தான்.