உக்குவளை வழியும் சுவைப் பயணமும்

பிரான்சிலும் இத்தாலியிலும் திராட்சைத் தோட்டங்களை நாடிச் சென்று மதுவின் சுவையறிந்து வருதல் நெடுநாள் வழக்கம். அங்குச் சுவைப்போர் முதலில் வினவுவன மூன்று: மண் எது? ஆண்டு எது? விளைவித்தவர் யாவர்? இலங்கையில் இதற்கு நிகராகச் சொல்லத்தக்கது, மாத்தளை, உக்குவளைச் சுற்றுப்புறங்களிலுள்ள வாசனைத் திரவியத் தோட்டங்களைக் காணச் செல்லும் பயணமேயாகும். மிளகையும் கறுவாவையும் மென்று பார்ப்போர் பலர். மேற்கூறிய வினாக்களை எழுப்புவோரோ மிகச் சிலர்.

மதுவுக்கும் மிளகுக்கும் தொன்மையான உறவொன்று உண்டு. யவனர் கொணர்ந்த மதுவைப் பாண்டியன் அருந்தியதைப் புறநானூற்றின் 56ஆம் பாடல் பேசுகின்றது. அரிக்கமேட்டில் 1945இல் வீலர் நடாத்திய அகழ்வில் மத்தியதரைக் கடற்பகுதியின் மதுச்சாடிச் சிதைவுகள் வெளிப்பட்டன. மது வந்த கலங்கள் திரும்புகையில் தென்னகத்து மிளகை ஏற்றிச் சென்றன. சுவை என்பது அன்றும் வாணிபத்தின் வழியே நடந்ததுதான்.

எனினும், உக்குவளைத் தோட்டத்திற் காண்பன யாவும் தொன்மையானவை எனக் கருதுதல் பொருந்தாது. மிளகும் ஏலமும் கறுவாவும் இம்மண்ணுக்குப் பழையன. சாதிக்காய் மொலுக்காசுத் தீவுகளுக்குரியது. கொக்கோவும் வனிலாவும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். வனிலாப் பூவைக் கையினால் மகரந்தச் சேர்க்கை செய்யும் எளிய முறையை 1841இல் ரீயூனியன் தீவில் கண்டறிந்தவன் எட்மண்ட் அல்பியஸ் என்னும் பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன். வனிலாவின் மணத்தைப் புகழ்வோர் அவன் பெயரை நினைப்பதில்லை.

மாத்தளைப் பகுதியில் நினைக்கப்படாதோர் அதனினும் பலர். பிரித்தானியர் மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்களைப் பெருக்கிய காலத்தில் தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தனர். பறிப்புக் காலத்தில் வந்து, அது முடிந்தபின் அதே வழியில் ஊர் திரும்பியோர் பலர். நீரின்மையும் வாந்திபேதியும் காய்ச்சலும் அவ்வழியில் எண்ணற்றோரைப் பலிகொண்டன. 1840களில் மாண்டோர் தொகை 70,000 எனக் கொழும்புப் பத்திரிகையொன்று 1849இல் மதிப்பிட்டது. அம்மதிப்பீட்டை மிகையெனக் கொள்வாரும் உளர். தொகை எதுவாயினும், அவ்வழியின் கொடுமையை மறுப்பாரில்லை. மலைநாட்டுத் தமிழரின் வரலாற்றில் மாத்தளை ஒரு வாயிலாக அமைந்தது இவ்வாறே.

1867இல் கண்டியை அடைந்த புகையிரதப் பாதை 1880இல் உக்குவளை வழியே மாத்தளைக்கு நீண்டது. ஆயின் 1869இலேயே இலைநோய் கோப்பியைப் பற்றிவிட்டது. பாதை வந்து சேர்ந்த வேளையில் பயிர் வீழ்ந்துகொண்டிருந்தது. அவ்வீழ்ச்சியின் பின்னரே இப்பகுதியிற் கொக்கோ முதலிய பயிர்கள் சிறப்புற்றன. இன்று தோட்டத்திற் கையிலெடுக்கும் கொக்கோ விதை அவ்வகையில் ஒரு வீழ்ச்சியின் விளைவு எனலாம்.

ஆகவே பயணத்தின் முழுப்பயனைப் பெற விழைவோர் கண்டியிலிருந்து மாத்தளைப் புகையிரதத்தில் உக்குவளையில் இறங்குதல் நன்று. நிலத்தின் ஏற்ற இறக்கம் அப்போதே புலப்படும். சுவைப்பதிலும் ஒழுங்கு வேண்டும். முதலிற் காரமற்ற வனிலா, பின்னர் கறுவா, ஏலம், இறுதியில் மிளகு. மிளகை முதலில் மென்றால் நாக்கு மற்றவற்றை அறியாது. நல்ல கறுவாப்பட்டை மெல்லிய பல சுருள்களாய் எளிதில் நொறுங்கும்; தடித்த ஒற்றைச் சுருளாயின் அது பெரும்பாலும் வேற்றினப் பட்டை. மிளகைக் கொடியிற் பச்சையாகவும், உலர்த்திக் கறுத்த பின்னும் சுவைத்து ஒப்பிடுக. எண்ணெய்ப் புட்டிகளின் மருத்துவப் பெருமையை விற்போர் நெடுநேரம் உரைப்பர்; அந்நேரத்தைப் பட்டை உரிப்போரிடமும் காய் பறிப்போரிடமும் செலவிடுதல் மேல். கொக்கோக் காயைப் பிளந்து உள்ளிருக்கும் வெண்சதையைச் சுவைத்தால் இனிப்பும் புளிப்பும் தோன்றும், விதையோ கடுங்கைப்பு. ஐந்தாறு நாள் புளிக்கவைத்து, வெயிலில் உலர்த்தி, வறுத்த பின்னரே சொக்கலேற்றின் மணம் அதிலிருந்து எழுகின்றது.