தந்தையின் எழுத்து, வீட்டின் பேச்சு: பழவேற்காட்டில் வந்தேறியோர் பிள்ளைகள்

பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. உள்ளே கிடக்கும் பெரும் பலகைகளில் குலச்சின்னங்கள். அவற்றைச் சுற்றி ஆழமாக வெட்டிய டச்சு எழுத்துகள். இவ்வூரில் டச்சுக்காரர்களின் கெல்டிரியா கோட்டை 1613இல் எழுந்தது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை, சோழமண்டலக் கரையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையிடம் இந்தப் பழவேற்காட்டு ஏரிக்கரைதான். கற்களை மட்டும் படிப்பவர்கள், கோட்டையில் பிறந்த பிள்ளைகள் டச்சுக்காரர்களாகவே வளர்ந்தார்கள் என்று எண்ணக்கூடும். அது சரியல்ல. பிள்ளைகளின் மொழியைத் தீர்மானித்தது கோட்டை அல்ல, வீடு.

கம்பெனியின் சிப்பாய்களும் கணக்கர்களும் பெரும்பாலும் மனைவியில்லாமல் கப்பலேறியவர்கள். அவர்கள் இங்கே மணந்த பெண்களில் பலர் போர்த்துக்கீசிய வழிவந்த கிறிஸ்தவர்கள். அவர்களுடைய பெரிய குடியிருப்பு தெற்கே சாந்தோமில் இருந்தது. கீழைநாட்டு மனைவியையும் பிள்ளைகளையும் நெதர்லாந்துக்கு அழைத்துப் போவதைக் கம்பெனியே 17ஆம் நூற்றாண்டில் தடுத்தது. தந்தையின் நாடு பிள்ளைக்குக் கேள்விப்பட்ட ஊராகவே நின்றது. கோட்டை வாசலைத் தாண்டினால் குப்பங்களில் தமிழும் தெலுங்கும், அடுப்படியில் போர்த்துக்கீசியம். 1632 முதல் பத்தாண்டுகள் இங்கே போதகராக இருந்த ஆபிரகாம் ரொஜேரியுஸ் போர்த்துக்கீசியம் கற்க நேர்ந்தது தற்செயலன்று. பத்மநாபன் என்ற பிராமணரிடம் அவர் இந்து சமயத்தைக் கேட்டறிந்ததும் அம்மொழியில்தான். அந்த உரையாடலின் பயனான நூல், அவர் இறந்த பின் 1651இல் அச்சேறியது.

கல்வெட்டுகள் டச்சில்தானே இருக்கின்றன என்று கேட்கலாம். கல்லறைப் பலகை இறந்தவரின் பதவியைச் சொல்லும். அவர் பிள்ளை எந்த மொழியில் அழுதது என்பதைச் சொல்லாது. தமிழின் சொற்களும் இதற்கு ஒத்துப்போகின்றன. சாவி, ஜன்னல், அலமாரி, மேசை எல்லாம் போர்த்துக்கீசியம் தந்தவை. டச்சு தந்ததில் நாம் அன்றாடம் புழங்கியது கக்கூஸ். அதற்கு மேல் அதிகமில்லை. இச்சொற்கள் பழவேற்காட்டில்தான் நுழைந்தன என்று நான் வாதாடவில்லை. கரை முழுவதும் அப்படித்தான். ஆனால், ஆட்சி செய்தவர் மொழிதான் வீட்டுக்குள் வரும் என்ற எண்ணத்தை அவை உடைக்கின்றன.

இதே ஊரின் முஸ்லிம் குடும்பங்களை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். தம் முன்னோர் அரபு நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களின் மரபு. அதைக் கதை என்று தள்ளுபவர்கள் உண்டு. வம்சாவளி எப்படியிருந்தாலும், 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போர்த்துக்கீசிய எழுத்தர் துவார்த்தே பர்போசா இங்கே முஸ்லிம் வணிகர்களைக் குறிப்பிடுகிறார். என் வாதத்துக்கு அர்வி போதும்: எழுத்து அரபு, பேச்சு தமிழ். தமிழில் இல்லாத அரபு ஒலிக்கும், அரபில் இல்லாத ழகரத்துக்கும் ஙகரத்துக்கும் அதில் இடமுண்டு. அதற்காகவே சில அரபு எழுத்துகளுக்குப் புள்ளிகள் கூட்டப்பட்டன. ஓதுவதற்காக மட்டும் ஏற்பட்டது அர்வி என்ற மறுப்பு பாதி உண்மை. கடிதமும் கணக்கும் மருத்துவமும்கூட அதில் எழுதப்பட்டன. தாயின் உறவினர் பக்கத்துத் தெருவில் இருந்ததால் அந்த முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் தமிழிலேயே வேரூன்றினார்கள். தந்தை வழி எழுத்தையும் விடவில்லை. டச்சுத் தந்தையரின் பிள்ளைகளுக்கு அப்படியொரு சுற்றம் இங்கே திரளவில்லை. 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனபின் அப்பிள்ளைகளின் மொழியை ஏந்த ஆளில்லை.

கல்லறைத் தோட்டத்துக்குத் தொல்லியல் துறையின் காவல் இருக்கிறது. அர்வித் தாள்களும் அதே காவலுக்கு உரியவை. அவற்றைப் படிக்கத் தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே படியெடுத்துவிட வேண்டும்.