ஊரில்லாத நிலையம்

ஒரு புகைவண்டி நிலையத்தின் சிறப்பை அங்கு விற்பனையாகும் பயணச்சீட்டுகளின் தொகையைக் கொண்டு அளப்பது உலக வழக்கம். ஊர் பெரிதாயின் நிலையமும் பெரிது. ஊர் சிறிதாயின் நிலையமும் சிறிது. ஆனால், ஊர் என்று சொல்லத்தக்க ஒன்று இல்லாத இடத்தில் நிலையம் எதற்கு? இவ்வினாவுக்கு விடை தரும் ஓர் இடம் நார்வே நாட்டில் உண்டு. அதன் பெயர் ஃபின்சே. அதன் வரலாற்றையே இன்று சொல்ல விழைகிறேன்.

நான் ஒரு கோடை நாளில் ஆங்கு இறங்கினேன். என்னை இறக்கிவிட்ட வண்டி பெர்கன் நகரை நோக்கிப் புறப்பட்டுச் சென்றது. அதன் ஓசை அடங்கியபின் சூழ்ந்த அமைதியை நான் வேறெங்கும் கண்டதில்லை. மோட்டார் வண்டியின் ஒலி இல்லை; ஏனெனில், ஃபின்சேக்கு மோட்டார்ச் சாலையே கிடையாது. மரங்களில் காற்று மோதும் சலசலப்பும் இல்லை. ஏனெனில், அவ்வுயரத்தில் மரங்கள் வளர்வதில்லை. எதிரே ஓர் ஏரி. அதற்கு அப்பால் ஹார்டாங்கர்யோக்குலன் என்னும் பெரும் பனிப்பரப்பு வெயிலில் வெண்மையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.

கடல் மட்டத்திற்குமேல் 1,222 மீட்டர் உயரத்தில் நிற்கும் இந்நிலையமே நார்வேயின் நிலையங்கள் யாவற்றிலும் உயரமானது. எண்ணைக் கேட்கும்போது இஃது ஒரு பெரிய உயரமாகத் தோன்றாது. ஆயினும், பூமியின் நடுக்கோட்டிலிருந்து வடக்கே 60 பாகைக்கும் அப்பால் உள்ள நாட்டில் அவ்வுயரமே பனியின் அரசாட்சிக்குப் போதுமானது.

அத்தகைய இடத்தில் இருப்புப்பாதை அமைக்க நேர்ந்தது ஏன்? நார்வேயின் தலைநகரம் கிழக்கே உள்ளது. அக்காலத்தில் அதற்குக் கிறிஸ்தியானியா என்று பெயர். 1925 முதல் ஆஸ்லோ என்று வழங்குகிறது. வணிகத்தால் புகழ்பெற்ற பெர்கன் துறைமுகம் மேற்குக் கரையில் உள்ளது. இரண்டிற்கும் இடையே மலைத்தொடர் குறுக்கிட்டது. ஆதலால், ஒரு நகரத்தார் மற்ற நகரத்திற்குப் போகவேண்டுமாயின் தென்கரையைச் சுற்றிக் கப்பலேறிச் செல்வதே பெருவழக்காயிருந்தது. ஒரே நாட்டின் இரு நகரங்கள் அயல்நாடுகளைப்போல் விலகிக் கிடந்தன.

இக்குறையைப் போக்கும் முயற்சியில், 1883-ஆம் ஆண்டு பெர்கனிலிருந்து வோஸ் என்னும் ஊர்வரை பாதை திறக்கப்பெற்றது. அதற்குமேல் மலை. 1894-இல் நார்வேயின் நாடாளுமன்றம் மலைமீதும் பாதையைக் கொண்டுசெல்ல முடிவு செய்தது. முடிவு செய்தது எளிது. பொருள்களைக் கொண்டு சேர்ப்பதற்கு அங்கு வழியே இல்லை. ஆகவே, இருப்புப்பாதை போடுவதற்கு முன் அதற்குத் துணையாக ஒரு வண்டிப்பாதை போடவேண்டியதாயிற்று. உணவும் கருவியும் வெடிமருந்தும் குதிரை வண்டிகளில் அவ்வழியே மேலேறின. 'ரல்லார்' என்று அழைக்கப்பட்ட இருப்புப்பாதைத் தொழிலாளர் பாறையைத் துளைத்துக் குகைவழி அமைத்தனர். அவற்றுள் மீர்டால் அருகிலுள்ள கிராவ்ஹால்ஸ் குகைவழி மட்டும் 5,311 மீட்டர் நீளம் உடையது. தரை தெரியும் கோடைக்காலமோ மிகக் குறுகியது. குகைக்குள் வேலை செய்தோருக்கு மட்டுமே குளிர்காலத்திலும் பணி தொடர்ந்தது.

1909-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் நாள் மன்னர் ஏழாம் ஹாக்கோன் பெர்கன் இருப்புப்பாதையைத் திறந்துவைத்தார். சுவீடனோடு இருந்த இணைப்பினின்று நார்வே விடுபட்டு அப்போது நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. தன் காலில் நிற்கத் தொடங்கிய ஒரு சிறு நாடு, தன் கிழக்கையும் மேற்கையும் தானே தைத்து ஒன்றாக்கிக்கொண்டது என்று இந்நிகழ்ச்சியைக் கூறலாம்.

இனி, ஃபின்சேயின் பணியைப் பார்ப்போம். மலைமீது செல்வது ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் இரு வண்டிகளுள் ஒன்று ஒதுங்கி நின்று மற்றொன்றுக்கு வழிவிடவேண்டும். அதற்கு நிலையம் வேண்டும். நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, பாதையைப் பனி மூடும்போது அதை அகற்ற ஆளும் எந்திரமும் அருகில் இருக்கவேண்டும். சுழலும் பெருஞ்சக்கரத்தால் பனியை வாரித் தொலைவில் வீசும் எந்திரங்கள் இம்மலைப் பாதையில் பணிபுரிந்தன. பாதையோரத்தில் காவலர் வீடுகள் இருந்தன. அவற்றில் குடும்பங்கள் குளிர்காலம் முழுவதையும் கழித்தன. ஆகவே, ஃபின்சே ஓர் ஊருக்காக எழுந்த நிலையமன்று. ஒரு பாதைக்காக எழுந்த நிலையம். இரு நகரங்களின் மக்கள் வெதுவெதுப்பான பெட்டியில் உறங்கிக்கொண்டே மலையைக் கடப்பதற்காக, யாரோ சிலர் அங்கே விழித்திருந்தனர்.

வந்து சேரும் வசதி உண்டானபின் வேறு சிலரும் வந்தனர். 1914-இல் தென்துருவப் பயணத்திற்கு ஆயத்தம் செய்த ஷேக்கிள்டன் தம் கருவிகளை இங்கே சோதித்துப் பார்த்தார். 1979-இல் 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' என்னும் திரைப்படத்திற்குப் பனி சூழ்ந்த வேற்றுலகம் தேவைப்பட்டபோது படக்குழுவினர் இப்பனிப்பரப்பைத் தேடி வந்தனர். பனிப்புயல் கடுமையாக வீசியதால் விடுதியின் வாசலை ஒட்டியே சில காட்சிகளை எடுத்தனர் என்பது சுவையான செய்தி.

1964-இல் பாதை முழுவதும் மின்சாரமயமாயிற்று. 1990-களின் தொடக்கத்தில் ஃபின்சேக்கு மேற்கே பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள குகைவழி திறக்கப்பெற்றது. அதனால், 1,301 மீட்டர் உயரத்தில் பனிக்கு இலக்காயிருந்த பழைய பாதை கைவிடப்பட்டது. காவலர் வீடுகளில் விளக்கேற்ற ஆளில்லாமற் போயிற்று. எந்திரம் வந்ததும் மனிதன் விலகினான், வருந்துவதா, மகிழ்வதா? அக்குளிரில் மண்வெட்டியேந்தி நின்றவனைக் கேட்டால் மகிழ்ச்சி என்றே சொல்வான் என நினைக்கிறேன்.

ஆயினும், இயற்கையை வென்றுவிட்டோம் என்று இறுமாப்பது தகாது. பனியைத் தடுக்கப் பாதையின்மேல் மரத்தாற் கூரையிட்ட இடங்கள் உண்டு. 2011-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஃபின்சேக்கு மேற்கேயுள்ள ஹாலிங்ஷைட் நிலையத்தில் அத்தகைய கூரை தீப்பற்றி எரிந்தது. உள்ளே நின்ற பயணவண்டியும் எரிந்தது. பயணிகள் அனைவரும் உயிர் தப்பினர். பனிக்கு அரணாக அமைத்தது நெருப்புக்கு இரையாயிற்று. காவல் என்பது ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துவிடக்கூடிய பொருளன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இன்று ஃபின்சேயில் இறங்குவோர் பனிச்சறுக்குக் கட்டையும் மிதிவண்டியும் கொண்டு வருகின்றனர். பழைய வண்டிப்பாதை 'ரல்லார்வேகன்' என்ற பெயரோடு மிதிவண்டிப் பாதையாகிவிட்டது. தொழிலாளரின் வாழ்வைக் காட்டும் காட்சிச்சாலை ஒன்றும் நிலையத்தருகே இருக்கிறது. வெடிமருந்து சென்ற வழியில் இன்று விடுமுறைக்கு வந்த சிறுவர் சிரித்துக்கொண்டே செல்கின்றனர்.

மாலையில் நான் திரும்பும் வண்டி வந்தது. சன்னலருகே அமர்ந்திருந்தவர்களுட் பலர் தலைநிமிரவில்லை. இடையில் ஏதோ ஒரு நிலையம் என்பதே அவர்கள் நினைவு. அப்படி நினைக்க முடிவதே அந்நிலையத்தின் வெற்றி என்று எனக்குத் தோன்றியது. ஊருக்கு ஊர் நிலையம் வேண்டும் என்பது உண்மை. இரண்டு ஊர்கள் இணைவதற்கு, ஊரில்லாத இடத்திலும் ஒரு விளக்கு எரியவேண்டும் என்பதும் உண்மை.