ஓய்வில் எடுத்த அளவு: நாட்பட்ட சோர்வு நோயில் சிந்தனைத் தடுமாற்றத்தை மதிப்பிடுவது குறித்து

நாட்பட்ட சோர்வு நோயாளிகள் தம் மறதியையும் கவனக்குறைவையும் பெரிதுபடுத்துகிறார்கள் என்ற எண்ணம் உளவியல் ஆய்வுகளில் நெடுநாளாக ஊறிக் கிடக்கிறது. அதை யாரும் அப்பட்டமாக எழுதுவதில்லை. முறையீட்டுக்கும் அளவீட்டுக்கும் இடையே இடைவெளி உள்ளது என்று நயமாக எழுதுவார்கள். இடைவெளி இருப்பது மெய். ஆனால் அதற்குக் காரணம் சோதனை நடத்தும் முறை என்றே கருதுகிறேன்.

காக்ஷெல், மதியாஸ் இருவரும் 2010இல் வெளியிட்ட தொகுப்பாய்வை எடுத்துக்கொள்வோம். 50 ஆய்வுகளைத் திரட்டிய அவர்கள் கவனம், நினைவாற்றல், எதிர்வினை நேரம் ஆகியவற்றில் நோயாளிகள் பின்தங்குவதைக் கண்டனர். பின்னடைவு 0.5 முதல் 1.0 திட்டவிலக்கம் வரை. சொல்வளம், பகுத்தறிதல், விரல்களின் நுண்ணியக்க வேகம் ஆகியவற்றில் குறை தென்படவில்லை. ‘அறிவு அப்படியே இருக்கிறது, பாதிப்பு மிதமானது’ என்று இதைப் படிப்பது எளிது. நான் வேறுவிதமாகப் படிக்கிறேன். சொல்வளத்தையும் பகுத்தறிதலையும் சோதிக்கும்போது பெரும்பாலும் நிதானமாக யோசித்து விடை சொல்லலாம். நொடிகள் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில்தான் நோயாளி தடுமாறுகிறார்.

இத்துறையில் பெரிதும் பயன்படும் தொடர்கூட்டல் சோதனையைப் பாருங்கள். ஒலிப்பதிவில் மூன்று நொடிக்கு ஓர் எண் ஒலிக்கும். 4, பிறகு 7 என்றால் 11 என்று சொல்ல வேண்டும். அடுத்து 3 வந்தால் விடை 10. அதாவது தன் வாயால் சொன்ன 11ஐ விட்டுவிட்டு, காதில் விழுந்த 7ஐப் பிடித்து வைத்திருக்க வேண்டும். கூட்டல் யாருக்கும் தெரியும். செயலாக்க வேகம் குறைந்தவருக்கு முந்தைய விடை முடிவதற்குள் அடுத்த எண் வந்துவிடுகிறது. அலுவலகக் கூட்டமும் தொலைபேசி உரையாடலும் இப்படித்தான் நடக்கின்றன. சொல்வளத் தேர்வு போல நடப்பதில்லை.

மனச்சோர்வே காரணம் என்ற மறுப்பு பழையது. மனநோய் ஏதுமற்ற நோயாளிகளிடமும் குறை இருப்பதை டிலூக்கா குழுவினர் 1997இலேயே காட்டிவிட்டனர். காக்ஷெலும் மதியாஸும் 2013இல் செய்த ஆய்விலும் வேகக்குறைவுக்கு மனச்சோர்வோடு தொடர்பு தெரியவில்லை. இதற்கு மேல் அந்த மறுப்போடு மல்லுக்கட்டத் தேவையில்லை.

முக்கியமான கேள்வி, எந்த நிலையில் அளந்தார்கள் என்பது. ஓகோன் குழுவினர் 2012இல் நோயாளிகளைச் சாய்மேசையில் கிடத்தி, படிப்படியாக நிமிர்த்தி, நினைவுச் சோதனை கொடுத்தனர். மேசை நிமிர நிமிர நோயாளிகளின் விடைகளில் பிழைகள் கூடின, வேகமும் குறைந்தது. அந்த நோயாளிகள் அனைவருக்கும் நிற்கும்போது இதயத்துடிப்பு எகிறும் கோளாறும் இருந்தது. ஆகவே முடிவை எல்லோருக்கும் பொருத்திவிட முடியாது. மூளைக்குச் செல்லும் இரத்தத்தின் வேகமாற்றமும் அந்த ஆய்வில் இச்சரிவை விளக்கவில்லை. ஆயினும் வான் காம்பென் குழுவினர் 2020இல் 429 நோயாளிகளைச் சோதித்தபோது, நிமிர்த்திய நிலையில் மூளை இரத்த ஓட்டம் சராசரியாக 26 விழுக்காடு குறைந்தது. நலமானவர்களிடம் 7 விழுக்காடே. காரணம் எதுவானாலும், உடல் நிலை மாறினால் மதிப்பெண்ணும் மாறக்கூடும் என்பது தெளிவு.

காலமும் அப்படியே. குக் குழுவினர் 2017இல் உடற்பயிற்சிக்கு முன்னும் 24 மணி நேரம் கழித்தும் தொடர்கூட்டல் சோதனை நடத்தினர். மறுநாள் நோயாளிகளின் செயல்திறன் சரிந்தது. குழு சிறியது, மறு ஆய்வு வேண்டும். ஆனால் உழைப்புக்குப் பின் நோய் முற்றுவதைக் கட்டாய அடையாளமாக 2015ஆம் ஆண்டின் அமெரிக்க வரையறையே ஏற்றுக்கொண்ட பிறகு, உழைப்புக்கு முன் ஒருமுறை மட்டும் அளந்துவிட்டு ‘பெரிய குறையில்லை’ என எழுதுவதற்கு என்ன நியாயம்?

சோதனையாளர்கள் குறைந்தது இருமுறையாவது அளக்க வேண்டும்: ஓய்வில் ஒருமுறை, உழைப்புக்கு மறுநாள் ஒருமுறை. அதுவரை, ஒற்றை அமர்வின் மதிப்பெண்ணைக் காட்டி எந்த நோயாளிக்கும் வேலைத்திறன் குறைவுக்கான சான்றிதழை மறுக்கக் கூடாது.