பாஸ்போர்ட்: சலுகையாக இருந்தது, உரிமையானது

வெளிநாட்டில் படிக்க விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகள் சேத்தியாத்தோப்பு பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தால் விசாவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பாஸ்போர்ட் எப்படியும் கிடைச்சிடும்னு நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு வயது அதிகமில்லை.

1914 மார்ச்சில் கணிதமேதை ராமானுஜன் சென்னையில் கப்பலேறி கேம்பிரிட்ஜ் போனபோது இந்தத் தொல்லை கிடையாது. முதல் உலகப்போரின்போதுதான் இங்கு பாஸ்போர்ட் கட்டாயமாயிற்று. சுதந்திரத்துக்குப் பிறகும் கொடுப்பதும் மறுப்பதும் அரசின் இஷ்டம். ஏன் என்று சொல்லணும்னு சட்டமே இல்லை.

இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர் மாணவரல்ல, சத்வந்த் சிங் சாஹ்னி என்ற வியாபாரி. 1967 ஏப்ரல் 10 அன்று தீர்ப்பு: அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் சுதந்திரத்தில் வெளிநாட்டுப் பயணமும் அடக்கம். ஐந்து நீதிபதிகளில் மூவர் அப்படிச் சொன்னார்கள், இருவர் மறுத்தார்கள். ஒரே ஒருவர் மாறியிருந்தால்? நினைத்தாலே திக்கென்கிறது. அந்த ஜூனிலேயே பாஸ்போர்ட் சட்டம் வந்தது.

விசா வேறு கதை. அமெரிக்க மாணவர் விசா மறுக்கப்பட்டால் அப்பீல் கிடையாது, கட்டிய பணமும் திரும்பாது. பாஸ்போர்ட்டை மறுத்தால் மட்டும் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நாட்டின் பாதுகாப்பு போன்ற சில விஷயங்கள் தவிர, கொடுத்தே ஆகணும். மேல்முறையீடும் செய்யலாம்.