கவிழ்த்துப் பார்க்க வேண்டிய கருவி

பழைய பெடல் ஸ்டீல் கித்தாரின் பூர்வீகத்தை அறிய முகப்பிலுள்ள பெயர் மட்டும் போதாது. மேசைபோல் நான்கு கால்களில் நிற்கும் அக்கருவியைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். மிதிகளைத் தந்திகளோடு இணைக்கும் தண்டுகள் அடியில்தான் இருக்கின்றன. தண்டுக்குப் பதில் எஃகு வடம் ஓடினால், ஃபெண்டர் நிறுவனத்தின் 400, 1000 வகைகளை நினைத்துக்கொள்ளலாம். கைவிடப்பட்ட திருகுத் துளைகளும் அங்கே தென்படும்.

அத்துளைகளைக் கண்டதும் சேகரிப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. இக்கருவியின் வரலாறே திருத்தங்களின் வரலாறுதான். 1954இல் வெப் பியர்ஸ் பாடி வெளிவந்த 'ஸ்லோலி'யில், தந்திகள் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பட் ஐசக்ஸ் மிதியை அழுத்தினார். அதுவரை மிதி என்பது பெரும்பாலும் ஒரு சுருதியமைப்பிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் வழி. இப்போதோ இரு ஸ்வரங்கள் வழுக்கி மேலேற, மூன்றாவது அசையாமல் நின்றது. (கமகம் பழகிய செவிக்கு அந்த மயக்கம் புரியும்.) கலைஞர்கள் பலர் தம்மிடமிருந்த கருவியிலேயே துளையிட்டு மிதி பொருத்திக்கொண்டார்கள். ஐசக்ஸின் ஒற்றை மிதி செய்த வேலையை பட்டி எம்மன்ஸ் பின்னர் இரு மிதிகளுக்குப் பிரித்தளித்தார்.

ஆகவே, முழங்கால் நெம்புகோல் இல்லாத அக்காலக் கருவியில் இன்று ஒன்றைச் சேர்ப்பவர் மரபை மீறவில்லை. கூடுமானவரை பழைய துளைகளையே பயன்படுத்தி, கழற்றிய பாகங்களைக் கருவியின் பெட்டியிலேயே விட்டுவைப்பது நல்லது.