சுற்றி வரும் சூத்திரம்

1979இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்த விசிகால்க், கட்டங்களை வரிசை வரிசையாகவோ பத்தி பத்தியாகவோதான் கணக்கிடும். மேலே உள்ள சூத்திரம் கீழே உள்ள விடையை எதிர்பார்த்தால் பழைய எண்தான் வரும். 1983இல் லோட்டஸ் 1-2-3, எந்தக் கட்டம் எதை நம்பியிருக்கிறது என்று பார்த்து முறையைத் தானே அமைத்தது. வட்டிக்குச் சராசரி இருப்பு வேணும், இருப்புக்கு வட்டி வேணும் என்றால் எங்கே தொடங்குவது? திரையின் அடியில் 'சர்க்' என்று எச்சரித்தது.

எக்செல்லில் மீள்கணக்கீட்டை முடுக்கிவிட்டால் 100 முறை வரை சுற்றி ஒரு விடை தரும். கூடவே எச்சரிக்கையும் போயிடும். தெரியாமல் விழுந்த வட்டமும் அதற்குள் ஒளிந்துகொள்ளும். அதனால்தான் நான் தொடக்க இருப்பின் மேல் வட்டி போடுகிறேன். கடன் ஏறும்போது வட்டி சில வெள்ளி குறைவாகத் தெரியலாம். ஆனால் ஒவ்வோர் எண்ணும் எங்கிருந்து வந்தது என்று கை வைத்துக் காட்ட முடியும்.